மினிக்குக் கொடுத்த கிஸ்மிஸ்

கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் வீடு. எங்கள் சமையலறையில் காப்பி மணக்கும். பக்கத்து வீட்டில் கடுகெண்ணெய் காயும். மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக் கிடந்த தெருநாய்க் குட்டியை அப்பா உள்ளே சேர்த்துக்கொண்டார். மினி என்று பெயர் வைத்தது எதிர்வீட்டு மாஷிமா. தாகூரின் காபூலிவாலா கதையை எனக்குச் சொன்னவரும் அவர்தான். அதில் வரும் சிறுமியின் பெயர் அது.

1982 தீபாவளிக்கு முதல் நாள். பாயசத்துக்காக அப்பா கிஸ்மிஸ் வாங்கி வந்திருந்தார். அம்மா மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போன நேரம் பார்த்து, துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றி, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் அந்தக் கதையின் காபூலிவாலா ரஹ்மத் ஆனேன். "மினி, கிஸ்மிஸ் வேணுமா?" மூன்று கை கொடுத்தேன். என் உள்ளங்கையை அது நக்கிய ஈரம் இன்னும் நினைவிருக்கிறது.

ராத்திரி வாந்தி எடுத்தது. மறுநாள் முழுக்கச் சுருண்டு கிடந்தது. காளி பூஜை வெடிக்குப் பயந்திருக்கிறது என்றே நினைத்தோம். அதற்கடுத்த நாள் மூத்திரமே போகவில்லை. டாக்சி பிடித்து பெல்காச்சியாவுக்கு ஓடினோம். 1893-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது.

"கீ கேயேச்சே?" என்றார் டாக்டர். என்ன சாப்பிட்டது? பால் சாதம் என்றார் அப்பா. நான் பேசாமல் நின்றேன். திட்டு விழும் என்று பயந்து அல்ல. கதையில் குழந்தைக்கு ஆசையாகக் கொடுக்கும் பண்டம் நாய்க்கு விஷமாகும் என்று யாருக்குத் தோன்றும்? சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று சலைன் ஏற்றினார். இரண்டு நாள் கழித்து, அதே மாடிப்படிக்குக் கீழே மினி அடங்கிவிட்டது.

திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் கவனித்துச் சொன்னதே 2001 வாக்கில்தான். 2021-இல் அதிலுள்ள டார்டாரிக் அமிலத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. நம் புளியிலும் அது நிறைய உண்டு. மிச்சப் புளியோதரையை நாய்க்குப் போடும் வீடுகளை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்ற கணக்கும் கிடையாது. வாந்தி வரட்டும், பார்ப்போம் என்று இருந்துவிடக் கூடாது. தின்ற ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தூக்கிக்கொண்டு போனால் ஊசி போட்டு வாந்தி எடுக்கவைப்பார்கள். வீட்டில் உப்புத்தண்ணீர் புகட்டவே கூடாது, அந்த உப்பே உயிரைக் குடித்துவிடும். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது என்பதுதான் மருத்துவருக்கு முதலில் வேண்டும்.

மூன்று கை கிஸ்மிஸ், டாக்டர். முந்தாநாள் சாயங்காலம், நாலு மணி இருக்கும்.