நான்கு வருடக் கணக்கு

புற்றுநோய்ச் செல்களின் வளர்சிதை மாற்றத்தைப் படிக்கும் ஆய்வகத்தில் 2019இல் போஸ்ட்டாக்காகச் சேர்ந்தேன். அங்கே முதலில் சொல்லித்தந்தது நிறுத்துவது எப்படி என்று. செல் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு நொடியில் அதற்குள் என்னென்ன இருந்தன என்று தெரிய வேண்டுமானால், தட்டில் உள்ள திரவத்தை உறிஞ்சி எடுத்து, உப்புக்கரைசலில் சட்டென்று ஒரு கழுவு கழுவி, மைனஸ் 80 டிகிரியில் வைத்திருந்த மெத்தனாலை ஊற்ற வேண்டும். கை கொஞ்சம் தயங்கினாலும் ஏடிபி அளவு மாறிவிடும். கை பழக எனக்கு இரண்டு மாதம் ஆனது.

செல்களை வளர்க்கும் அந்தத் திரவத்தில் லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ். அதாவது ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 450. ஃபோனில் அம்மாவிடம் சொன்னேன்.

"ஏட்டி, எனக்கு அம்புட்டு இருந்தா டாக்டர் பெட்ல போட்டுருவாரு. அதுல வளருறத வச்சு என்னத்தக் கண்டுபிடிப்பிய?" என்றாள். துறைக்குள்ளேயே பலர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது.

அமெரிக்காவில் அந்தத் துறைக்கு என்ஐஹெச் தரும் டி32 என்ற பயிற்சி நிதி இருந்தது. வாரம் ஒரு வகுப்பு, மானியம் எழுதப் பழகுதல், வேலை நேர்காணலுக்கு ஒத்திகை. எல்லாவற்றிலும் நானும் உட்காரலாம். ஆனால் அந்த நிதியில் சம்பளம் வாங்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். விசேஷ வீட்டில் சமையல்கட்டு வரை போகலாம், பந்தியில் இலை கிடையாது என்பது போல.

விசாவில் இருப்பவர்களுக்கும் திறந்திருந்த பெரிய கதவு கே99. இரண்டு வருடம் வரை வழிகாட்டியின் கீழ், பிறகு சொந்த ஆய்வகத்தில் மூன்று வருடம் வரை பணம். போஸ்ட்டாக் அனுபவம் நான்கு வருடத்தைத் தாண்டுவதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். முதல் முறை கிடைக்கவில்லை. மூன்றாம் வருடம் கர்ப்பமானேன்.

என் வேலை, எலியின் நுரையீரல் கட்டிக்குள் கார்பன்-13 ஏற்றிய குளுக்கோஸ் எங்கெல்லாம் போகிறது என்று தடம் பிடிப்பது. பிரசவ விடுப்பில் போனபோது மீதிப் பரிசோதனைகளை ஒரு சக போஸ்ட்டாக்கிடம் கொடுத்தார்கள். "தற்காலிகமாக" என்றார் வழிகாட்டி. கட்டுரை வெளியானபோது முதல் பெயர் அவனுடையது, இரண்டாவது என்னுடையது. கேட்டேன். தான் பிரசவித்த இரண்டாம் வாரமே ஆய்வகத்துக்குத் திரும்பியதைச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு யாரோ அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

இரவில் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி பழைய கட்டுரைகளைப் புரட்டுவேன். எங்கள் வகுப்புகளில் எப்போதும் வார்பர்க்தான். ஆக்ஸிஜன் இருக்கும்போதும் கட்டி குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்குகிறது என்று 1920களில் காட்டியவர். 1925இல் வந்த இன்னொரு கட்டுரை அப்போதுதான் கண்ணில் பட்டது. கோழியின் ஒரு இறக்கையில் கட்டி. அதிலிருந்து வெளியேறும் ரத்தத்தையும் கட்டியில்லாத இறக்கையின் ரத்தத்தையும் ஒப்பிட்டிருந்தார்கள். கட்டி வழியே வந்த ரத்தத்தில் சர்க்கரை குறைவு, லாக்டிக் அமிலம் அதிகம். உயிருள்ள பிராணியிலேயே அளந்திருக்கிறார்கள். எழுதியவர்கள் கார்ல் கோரி, கெர்டி கோரி.

கல்லூரியில் கோரி சுழற்சியை மனப்பாடம் செய்தவள் நான். கோரி என்றால் ஓர் ஆண் என்றே நினைத்திருந்தேன். 1931இல் இருவரும் செயின்ட் லூயிஸ் போனபோது கணவருக்குப் பேராசிரியர் பதவி, கெர்டிக்குக் கணவர் சம்பளத்தில் சிறு பங்கோடு ஆய்வு உதவியாளர் பதவி. முழுப் பேராசிரியர் ஆனது 1947இல், நோபல் கிடைத்த அதே வருடம். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆறுதலாக இருந்ததா, எரிச்சலாக இருந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

நான்கு வருடம் முடியப்போகிறது, இனி அவ்வளவுதான் என்று இருந்தபோது, மானியக் கணக்குகளைப் பார்க்கும் அலுவலகப் பெண்மணி என் கோப்பை மூடிவிட்டு நிமிர்ந்தார். அந்த நான்கு வருடத்துக்குள் பிரசவித்தவர்களுக்கு இன்னும் ஒரு வருடம் உண்டே, விதியிலேயே இருக்கிறதே, யாரும் சொல்லவில்லையா என்றார். சொல்லவில்லை. நேர்காணலுக்கு எப்படிக் கைகுலுக்குவது என்றுகூடச் சொல்லிக்கொடுத்த வகுப்புகளில் இதைச் சொல்லவில்லை. அந்த ஒரு வருடத்தில் மறுபடி எழுதினேன். கிடைக்கவில்லை, ஆனால் எழுதினேன்.

இப்போது இன்னோர் ஊரில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கூடம் என் பொறுப்பு. புதிதாக வரும் போஸ்ட்டாக்குகள் முதல் வாரம் என்னிடம் வருவார்கள். போன மாதம் வந்தவள் மதுரைக்காரி. மெத்தனால் ஊற்றும்போது கை நடுங்கியது. "அக்கா, மறுபடி செய்யட்டுமா?" என்றாள். ஆறு தட்டு வீணாகட்டும், பரவாயில்லை என்றேன். போகும்போது அந்த விதி அச்சடித்த தாளைக் கொடுத்தனுப்பினேன். எல்லோருக்கும் கொடுக்கிறேன், ஆண்களுக்கும். "எனக்கு எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். வைத்துக்கொள், ஒருநாள் உன் ஆய்வகத்திலும் பெண்கள் இருப்பார்கள் என்பேன்.