வராண்டாவில் ஒரு கண்மாய்

இன்று எங்கள் பள்ளி வராண்டாவில் ஓவியக் கண்காட்சி. 22 படங்கள். கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் மாட்டினோம்.

போன மாதம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போயிருந்தேன். 9-ஆம் நூற்றாண்டு விதான ஓவியம்: தாமரைக்குளம், மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, "சார், நம்ம ஊர்க் கண்மாய் மாதிரியே இருக்கு" என்றாள் ஒருத்தி.

அந்த வார்த்தையில் முளைத்ததுதான் இத்தனையும். ஒருவன் வற்றிய கண்மாயின் வெடிப்புகளைக் கரியில் கொண்டுவந்துவிட்டான். ஒருத்தி, அல்லி பறிக்கும் தன் அப்பத்தாவை. வண்ணம் தீர்ந்துபோக, இன்னொருவன் செம்மண்ணைக் கரைத்துப் பூசினான். அந்த நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது. எப்போதும் என் வகுப்பைக் கடன் வாங்கும் கணக்கு வாத்தியாரே அதன் முன்னால் ஐந்து நிமிடம் நின்றார்!

பெற்றோர்களே, "படம் வரைஞ்சா சோறு போடுமா?" என்று கேட்காதீர்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஓவியம், சிற்பம் படிக்கச் சென்னையில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது; 1850-இல் தொடங்கியது. கும்பகோணத்திலும் ஒன்று உண்டு.

வெள்ளிக்கிழமை வரை படங்கள் இருக்கும். வந்து பாருங்கள். பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.