தக்கையில் ஒரு கைப்பை

பாட்டில் வாயை அடைக்கிறோமே, அந்தத் தக்கையில் துணி செய்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? 2023-ல் மகளின் பிரசவத்துக்காகப் போர்ச்சுகல் போகும்வரை நானும் நம்பியிருக்க மாட்டேன்.

மகளும் மாப்பிள்ளையும் இருப்பது எவோரா என்ற பழைய ஊரில். எனக்குக் கிடைத்த விசா மூன்று மாதத்துக்குத்தான். அந்த மூன்று மாதமும் கும்பகோணத்தில் எங்கள் வீட்டு அடுப்படியைப் பார்த்துக்கொண்டவர் என் மாமியார். வயது 78. "நீ போய்ப் பொண்ணைக் கவனி. என் பிள்ளைக்கு ரசம் வைக்க எனக்குத் தெரியாதா?" என்று வழியனுப்பியவர். அவருக்கு என்ன வாங்கிப் போவது என்பதே எனக்குக் கவலை. தோல் பையைத் தொடமாட்டார். எப்போதும் ஒரு மஞ்சள் பைதான். மூக்குக் கண்ணாடி, மாத்திரை, திருநீற்றுச் சம்புடம் எல்லாம் அதற்குள் உருளும்.

அந்த ஊர்க் கடைத்தெருவில் தக்கைச் சாமான்களுக்கென்றே கடைகள் இருக்கின்றன. தொப்பி, செருப்பு, குடைகூட உண்டு! ஒரு கைப்பையை எடுத்துப் பார்த்தேன். பூப்போல லேசு. தொட்டால் மெத்தென்றிருக்கிறது. "தோல் இல்லையே?" என்றேன். "மரப்பட்டைம்மா" என்று மகள் சிரித்தாள்.

பிரசவத்துக்கு முன்னால் ஒரு நாள் மாப்பிள்ளை ஊருக்கு வெளியே அழைத்துப் போய் அந்த மரத்தையே காட்டினார். தக்கை ஓக் என்று பெயர். உலகத்துத் தக்கையில் ஏறக்குறையப் பாதி போர்ச்சுகலில்தான் கிடைக்கிறதாம். மரத்தை வெட்டுவதில்லை. கோடையில் ஆட்கள் கோடரியால் பக்குவமாகக் கீறிப் பட்டையை மட்டும் உரிக்கிறார்கள். கொஞ்சம் ஆழமாகப் பட்டாலும் மரத்துக்குக் காயம். உரித்த இடம் செக்கச் சிவந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் பட்டை திரும்ப வளர்ந்துவிடும். மரத்துக்கு 25 வயதான பிறகே முதல் உரிப்பு. அப்புறம் ஒன்பது வருஷம் ஆகாமல் தொடக் கூடாது; அது அங்கே சட்டம். மறந்துபோகாமலிருக்க, உரித்த வருஷத்தின் கடைசி எண்ணை மரத்திலேயே பெயின்டால் எழுதிவைக்கிறார்கள். நான் பார்த்த மரத்தில் '3' என்று எழுதினார்கள்.

இந்தப் பட்டையை மாதக்கணக்கில் காயவைத்து, வேகவைத்து, காகிதம் போல மெல்லிசாகச் சீவி, பின்னால் துணி வைத்து ஒட்டுகிறார்கள். அதுதான் தக்கைத் துணி. பின்பக்கம் சிலதில் பருத்தி, சிலதில் செயற்கை இழை. தக்கை படம் அச்சடித்த வெறும் பிளாஸ்டிக்கும் விற்பனைக்கு வருகிறது, பார்த்து வாங்க வேண்டும்.

தண்ணீர் ஏன் உள்ளே இறங்குவதில்லை? தக்கை முழுக்கக் காற்றடைத்த குட்டிக் குட்டி அறைகள். சுவர்களில் மெழுகு மாதிரி ஒரு பொருள். 1665-ல் ராபர்ட் ஹூக் மைக்ராஸ்கோப்பில் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தாரே, அது இந்த அறைகளைப் பார்த்துத்தான். உங்கள் பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலும் இருக்கும்.

ஊர் திரும்பிப் பையைக் கொடுத்ததும் மாமியார் முகர்ந்து பார்த்தார். "மாட்டுத் தோல் இல்லையே?" மரத்தின் கதையைச் சொன்னேன். "அந்த மரத்தை அடுத்து எப்போ உரிப்பாங்க?" "2032-ல, அத்தை." விரல்விட்டு எண்ணினார். "கொள்ளுப் பேரனுக்கு அப்போ ஒன்பது வயசு" என்றார். மறுநாளே பை கோயிலுக்குப் போய்விட்டது. ஐப்பசி மழையில் என் தோல் கைப்பை பீரோவுக்குள் பூசணம் பூத்துக் கிடந்தபோது, அவருடையது அப்படியே இருந்தது.

கெடுத்தது நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை, விளக்குக்கு எடுத்துப்போன நல்லெண்ணெய் பைக்குள் கொட்டிவிட்டது. தண்ணீர்தான் ஒன்றும் செய்யாதே என்று சோப்புத்தூள் கரைத்த வாளியில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் தக்கை ஓரம் துணியைவிட்டுப் பெயர்ந்து உப்பியிருந்தது. தக்கைக்குத் தண்ணீரால் ஆபத்தில்லை. ஒட்டிய பசைக்கு உண்டு. எனக்கு அது தோன்றவில்லை. மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

நிழலில் இரண்டு நாள் நன்றாக உலரவிட்டு, துணி ஒட்டும் பசை தடவி, மேலே பழைய பஞ்சாங்கங்களை அடுக்கி வைத்தேன். ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் பார்த்தால் ஒரு சுருக்கம் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது எண்ணெயோ குழம்போ பட்டால் உடனே துடைத்து, மிதமான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்கிறேன். வெயிலில் காயப்போடுவதில்லை, நிறம் வெளுக்கும். ப்ளீச், நகப்பூச்சு அழிக்கும் திரவம் பக்கத்திலேயே வரக் கூடாது. சூடான இஸ்திரியும் வேண்டாம். மடித்து அழுத்தாமல், உள்ளே பழைய துணி திணித்து வைக்கிறேன். நகமோ கத்தியோ கீறினால் பெயரும், ஜாக்கிரதை.

மகள் அரை மீட்டர் தக்கைத் துணியும் கொடுத்தனுப்பியிருந்தாள். தைக்கிறவர்கள் கவனியுங்கள்: குண்டூசி குத்தினால் ஓட்டை மூடவே மூடாது. துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்துக்கொண்டு, தையலை நீளமாக வைக்க வேண்டும். நெருக்கமாகத் தைத்தால் தபால்தலை ஓரம் போலக் கிழிந்துவிடும். பிரித்துத் தைக்கவும் முடியாது.

முதலில் தைத்த சின்னப் பை கோணல். மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாத்திரைக்கு இது போதும். கண்ணாடிக்கு நேரா ஒண்ணு தைச்சுக் கொடு" என்றார். அதைத்தான் இப்போது தைத்துக்கொண்டிருக்கிறேன்.