மாம்பழத்தின் மஞ்சள்

சித்தூரில் கோடைக்காலம் என்பது மாம்பழக்காலம். கிளிமூக்கு மாம்பழங்களை ஏற்றிய வண்டிகள் பழக்கூழ் ஆலைகளின் வாயிலில் வரிசையாகக் காத்து நிற்கும். அத்தகைய ஆலை ஒன்றில் வேலை செய்வதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பம் ஒன்று அவ்வூரில் வாழ்ந்தது. அக்குடும்பத்தின் மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. தந்தையின் சட்டைக் கையில் படிந்த மஞ்சள் கறை எத்தனை முறை துவைத்தாலும் முழுமையாக நீங்குவதில்லை. அந்த மஞ்சள் எதனால் உண்டாகிறது என்பதையே அவள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டாள்.

மாம்பழத்துக்கு மஞ்சள் நிறம் தருவனவற்றுள் முதன்மையானது பீட்டா கரோட்டின். அதன் ஒரு மூலக்கூற்றில் 40 கார்பன் அணுக்களும் 56 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. தாளில் 96 வட்டங்களை வரைய முயன்று இரண்டு இரவுகளைக் கழித்தாள். அழித்து அழித்துத் தாள் கிழிந்ததே மிச்சம்.

ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதியில் வேதியியல் பயிலும் அண்ணன் அவ்வார இறுதியில் வீட்டிற்கு வந்தான். ஜேமால் என்னும் கட்டணமில்லா மென்பொருளைத் தன் மடிக்கணினியில் திறந்தான். மூலக்கூற்றின் பெயரைத் தட்டச்சு செய்தவுடன், அணுக்களின் இருப்பிடங்கள் இணையத் தரவகத்திலிருந்து வந்து சேர்ந்தன. நொடிப்பொழுதில் 96 அணுக்களும் திரையில் தோன்றின. தங்கை மகிழ்ந்து கைதட்டினாள்.

அண்ணன் தாயை அழைத்து, "அம்மா, இதில் என்ன தெரிகிறது?" என்று வினவினான்.

"நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல் இருக்கிறது, தம்பி" என்றார் தாய்.

தங்கையின் முகம் வாடியது. "வருந்தாதே, அம்மா. இப்படத்தின்வழி நீ சொல்ல விரும்புவது எது?" என்று அண்ணன் அவளைக் கேட்டான்.

"மஞ்சள் நிறத்தின் காரணம், அண்ணா."

காரணம் அம்மூலக்கூற்றின் நீண்ட சங்கிலியில் இருந்தது. அதில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருகின்றன. இரட்டைப் பிணைப்புகள் மட்டும் 11. இவ்வமைப்பு நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சிய ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. ஆகவே அவள் ஹைட்ரஜன் அணுக்களை மறைத்தாள், பின்னணியை வெண்மையாக்கினாள், இரட்டைப் பிணைப்புகளுக்கு மட்டும் தனி நிறம் கொடுத்தாள். அக்கட்டளைகளை ஒரு கோப்பில் சேமித்தும் வைத்தாள். இனி வேறொரு மூலக்கூற்றை அழைத்தாலும் அதே வேலையை மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை.

ஆயினும், சங்கிலி தாளின் அகலத்துக்குள் அடங்கவில்லை. ஒரு முனையிலிருந்த வளையத்தைச் சுட்டியால் இழுத்து உள்ளே மடக்கினாள். படம் அழகாக அமைந்தது. அண்ணன் அதை உற்று நோக்கி, "இங்கே இரண்டு கார்பன் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருக்கின்றனவே! தாள் இதைப் பொறுத்துக்கொள்ளும், அணுக்கள் பொறுத்துக்கொள்ளா" என்றான். பிறகு ஒரு வரலாற்றைக் கூறினான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் ஜி. என். இராமச்சந்திரன். தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம், மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது என்பதை அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். அவர்களுடைய மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாக வெளிநாட்டு அறிஞர்கள் குறை கூறினர். இராமச்சந்திரன் அதைக் கேட்டுச் சோர்ந்துவிடவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தொடங்கினார். அவ்வாராய்ச்சியின் பயனாக 1963 இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் இணைந்து ஒரு வரைபடத்தை வெளியிட்டார். புரதச் சங்கிலி எவ்வெவ்வாறு திரும்ப இயலும், எவ்வாறு இயலாது என்பதை அது காட்டுகிறது. 'இராமச்சந்திரன் வரைபடம்' எனப்படும் அதனைக் கொண்டே, புரதங்களின் அமைப்பு சரியா என்று உலகெங்கும் இன்றும் சோதிக்கின்றனர்.

தங்கை சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பின்னர் மடக்கிய சங்கிலியைப் பழைய நிலைக்கே கொண்டுவந்தாள். மூலக்கூற்றை விட்டுவிட்டுத் தாளைக் குறுக்காகத் திருப்பினாள். சங்கிலி முழுவதும் அதில் அடங்கியது. படத்தின் அடியில், 'இப்படத்தில் 56 ஹைட்ரஜன் அணுக்கள் காட்டப்படவில்லை' என்றும் எழுதினாள்.

கண்காட்சி நாளன்று தந்தை ஆலையிலிருந்து நேரே வந்தார். படத்தின்முன் நின்று, நிறமிட்ட இரட்டைக் கோடுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "பதினொன்று" என்றார். பிறகு தம் சட்டைக் கையிலிருந்த மஞ்சள் கறையை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

அருஞ்சொற்பொருள்
மூலக்கூறு – அணுக்கள் இணைந்து உருவான மிகச் சிறு துகள்
பிணைப்பு – அணுக்களை இணைக்கும் கட்டு
தரவகம் – செய்திகளைத் தொகுத்து வைத்திருக்கும் இடம்
புரி – கயிற்றின் ஓர் இழை

சிந்தித்து விடை எழுதுக
1. ஹைட்ரஜன் அணுக்களை மறைத்ததற்கும் சங்கிலியை மடக்கியதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. படத்தின் அடியில் மாணவி அவ்வாறு எழுதியது ஏன்?