கூட்டுக்குள் களிம்பு

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு பேக்கிங் ஷெட். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் கடைந்தெடுத்த எஃகு, பித்தளை உதிரிபாகங்கள் இங்கே வந்து, கழுவி, உலர்ந்து, பையில் அடங்கி, மரப்பெட்டியில் ஏறித் துறைமுகம் போகின்றன. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வரும் பெண்கள். பழைய நாணயங்களின் மேல் பித்துக்கொண்டவன் நான். உலோகத்தைக் கெடாமல் காப்பதையே அன்றாட வேலையாகச் செய்பவர்களைப் பார்க்கவே போனேன்.

என் பையில் நண்பரின் செப்புக் காசு ஒன்று இருந்தது. பர்மிங்ஹாமின் சோஹோ நாணயச் சாலையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1808-இல் அடித்த பத்து காசு. மதராஸ் மாகாணத்தில் புழங்கவேண்டியது. ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கிவிட்டது. 1980களில் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் மேலே எடுத்தார்கள். அப்படி வந்த இந்தக் காசு இப்போது தர எண்ணோடு பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கிறது. சேகரிப்பவர்கள் இதை ஸ்லாப் என்போம். 1 முதல் 70 வரை போகும் அந்த எண்ணில் ஒன்று கூடினாலே விலை எகிறும் காசுகள் உண்டு. அமெரிக்காவில் பிசிஜிஎஸ் நிறுவனம் 1986-லும் என்ஜிசி நிறுவனம் 1987-லும் இப்படித் தரமிட்டு மூடித்தரத் தொடங்கின. கூட்டுக்குள் போய்விட்டால் காசுக்கு இனி ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை நம்மிடையே பரவிவிட்டது. நண்பரின் காசின் ஓரத்தில் இளம்பச்சையாக ஒரு புள்ளி பூத்திருக்கிறது.

ஷெட்டில் முதல் மேஜையில் இருந்த அக்கா கையுறையைக் கழற்றாமலே பேசினார். கழுவி வரும் பாகம் வெதுவெதுப்பாக இருக்கும். ஆறும்வரை தட்டிலேயே கிடக்கவேண்டும். “சூட்டோட கவர்ல போட்டா உள்ளயே வேர்த்துடும் சார். அப்புறம் எத்தன ஜெல் பாக்கெட் போட்டாலும் கேக்காது.” திரும்பி வந்த ஓர் எஃகு வளையத்தை எடுத்துக் காட்டினார். பளபளப்பின் நடுவே பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை, ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரியும்படி துருவில் பதிந்திருந்தது. யாரோ ஒரு நொடி வெறுங்கையால் தொட்டதன் பலன். வியர்வையில் இருக்கும் உப்பு, பையை ஒட்டிய பிறகும் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது. கை அதிகம் வேர்ப்பவர்களுக்கு இந்த மேஜை கிடையாது, பெட்டி அடிக்கும் பக்கம் அனுப்பிவிடுவார்களாம்.

இத்தனை தெரிந்தவருக்கு அடையாள அட்டையில் ‘ஹெல்பர்’ என்று போட்டிருக்கிறது. அது எனக்கு உறுத்தியது.

நாணயத்துக்கும் நடப்பது இதேதான். கூடு தூசியையும் விரலையும் தடுக்கும். காற்றையும் ஈரத்தையும் முழுதாகத் தடுக்காது. மூடுவதற்கு முன் ஒட்டியிருந்த கைரேகை மெல்ல மெல்லத் தலைகாட்டும். முன்பு பிவிசி உறையில் கிடந்த காசு பச்சைப் பிசுக்கோடு கண்விழிக்கும். ரப்பர் பேண்டும் மட்டமான அட்டையும் விடும் கந்தக ஆவியில் வெள்ளி கருக்கும். செம்பின் நிறம் நிலைக்காது என்பதால்தான் தரமிடும் நிறுவனங்களே அதற்கு உத்தரவாதம் தருவதில் பின்வாங்கின. கடலில் கிடந்த செம்பின் கதை இன்னும் மோசம். உப்பிலிருந்து வந்த குளோரைடு உள்ளே பதுங்கியிருந்து, ஈரமும் காற்றும் கிடைக்கும்போதெல்லாம் செம்பை அரித்துப் பச்சைப் பொடியாகத் தள்ளும். சென்னையின் ஈரக்காற்று அதற்கு விருந்து. இந்த நோயோடு போராடிய ஊர்தான் நம் ஊர். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் ஆய்வகம் தொடங்கி, எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் வெண்கலச் சிலைகளுக்கு மருத்துவம் பார்த்தார்.

அடுத்த மேஜையில் பித்தளைப் பாகங்களுக்கு வேறு பை. எஃகுக்கான விசிஐ பையைப் பித்தளைக்குப் போடக்கூடாது என்று அங்கிருந்த பெண் கறாராகச் சொன்னார். விசிஐ பை ஒரு ஆவியை விட்டு உலோகத்தின் மேல் மெல்லிய காப்பாகப் படியவைக்கும். இரும்பைக் காக்கும் சில ஆவிகள் பித்தளையில் உள்ள செம்பைத் தின்னும். செம்புக்குப் பெரும்பாலும் பென்சோட்ரையசோல். 1967 முதல் உலகெங்கும் அருங்காட்சியகங்கள் பழைய செம்புக்கும் வெண்கலத்துக்கும் பூசுவதும் இதே மருந்துதான். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

காசை எடுத்து நீட்டினேன். முதல் மேஜை அக்கா வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “மூடறதுக்கு முன்னாடியே உள்ள இருந்திருக்கு சார். வெளிய எடுத்துக் கழுவாம இது நிக்காது.” என் எண்ணமும் அதுவே. கூட்டை உடைத்தால் எண் போகும் என்று நண்பர் தயங்குகிறார். எண்ணை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். அரித்துப்போன செம்பு திரும்பாது. புளி போட்டுத் தேய்ப்பது மட்டும் கூடவே கூடாது. பாதுகாப்பு வேலை தெரிந்தவர் கையில் கொடுத்து, காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்கில் ஊறவிட்டு உப்பை இறக்கவேண்டும். நன்றாக உலர்த்தி மருந்து பூசிய பிறகுதான் மறுபடி கூடு.

கிளம்பும்போது அக்கா ஈரம் காட்டும் அட்டைகள் இரண்டு கொடுத்தார். காசு வைக்கும் டப்பாவை இறுக மூடி, சிலிக்கா பொட்டலத்தோடு இதையும் உள்ளே போடச் சொன்னார். நீலம் ரோஸாக மாறினால் பொட்டலத்தை மாற்றவேண்டும். “மழ மாசத்துல அடிக்கடி பாருங்க சார்.”