எந்த ஊர் என்று எழுதுவது?

சென்ற மாதம் தம்பிலுவிலுக்குப் போயிருந்தேன். கண்ணகி அம்மன் கோயில் பக்கம்தான் என் சிநேகிதியின் வீடு. இருவரும் ஒரே பாடசாலையில் பல வருடம் படிப்பித்தவர்கள். அக்கரைப்பற்றிலிருந்து பஸ் ஏறினால் அதிக நேரமில்லை. ஆனால் அந்தச் சிறு தூரத்தையும் பயந்து பயந்து கடந்த காலம் ஒன்று இருந்தது. அதை இருவருமே பேசுவதில்லை.

"இருகா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசுவம்" என்றாள். அன்று காலை சுவிஸிலிருந்து அவள் தம்பி பேசியிருந்தாராம். அவர் இருக்கும் மாடிக் கட்டிடத்தில் உக்ரேனியத் தாயும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே 'எஸ்' என்ற அட்டை கிடைத்துவிட்டதாம். வேலை செய்யலாம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகலாம், உதவிப் பணமும் உண்டு. வெளிநாடு போய் வரவும் தடையில்லை.

1998ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்த இந்த ஏற்பாட்டை, சுவிஸ் அரசு முதன்முதலாகப் பயன்படுத்தியது 2022 மார்ச் 12இல்தான். ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்காமல், கூட்டமாக ஏற்றுக்கொள்வது. ஐரோப்பிய ஒன்றியமும் அதே மார்ச் மாதம் 4ஆம் திகதி இப்படியொரு பாதுகாப்பைக் கொடுத்தது. 2027 மார்ச் 4 வரை அதை நீடித்திருக்கிறார்கள். அதற்குப் பின் என்ன என்ற கவலை அந்தத் தாய்மாருக்கும் இருக்கத்தானே செய்யும்!

"என்ட தம்பி போனது எண்பதுகளில. விசாரணை, மேன்முறையீடு என்று எத்தனை வருஷம்! நாட்டை விட்டு அசைய ஏலாத அட்டை. அம்மாட மையத்துக்கும் வர முடியல்ல" என்றாள். என்னோடு பேசும்போது 'மையத்து' என்றுதான் அவள் சொல்வாள். உக்ரேனியர் மீது அவளுக்குப் பொறாமை இல்லை. "கொடுக்க ஏலும் என்றால் அப்பவே கொடுத்திருக்கலாம்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு ராத்தாவின் நினைவு வந்துவிட்டது. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் வாழ்க்கைப்பட்டவர். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ் நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். ராத்தா கைக்குழந்தையோடு புத்தளம் வந்து சேர்ந்தார். புத்தளத்து மக்கள் அன்சாரிகளைப் போலத்தான் ஏற்றுக்கொண்டார்கள், அதை மறக்கக் கூடாது. கிடுகுக் கொட்டில், நிவாரண அரிசி, மா, பருப்பு. வருடங்கள் போகப் போக, அதே கிணற்றுக்கும் அதே வகுப்பறைக்கும் இரண்டு கூட்டம் போட்டி போட வேண்டியதாயிற்று. மனக்கசப்பு வராமலா இருக்கும்?

ஊரில் எல்லோரும் 'அகதி' என்றே அழைத்தார்கள். ஆனால் எல்லை தாண்டினால்தான் சட்டத்தில் அகதி. சொந்த நாட்டுக்குள் ஓடியவர் 'இடம்பெயர்ந்தவர்'. அவருக்கு எந்த அட்டையும் இல்லை, பிரஜை என்ற பெயர் மட்டுமே உண்டு.

2009இல் யுத்தம் முடிந்தது. ராத்தா யாழ்ப்பாணம் போய் வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பித்தார். "நீங்கள் புத்தளத்தில்தானே வசிக்கிறீர்கள்?" என்றாராம் ஓர் அதிகாரி. புத்தளம் திரும்பி மகளின் காரியமாக வேறொரு அலுவலகம் போனால், "உங்கள் பதிவு யாழ்ப்பாணத்தில் அல்லவா?" இரண்டு கதவையும் தட்டிய கை அது. வாக்காளர் இடாப்பில் பழைய ஊரிலேயே பதிந்துகொள்ள வழிவிட்டு 2017இல் 27ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வாக்குக்கு வழி பிறந்தது. வீட்டுக்கு?

நான் சொல்லி முடிக்கும்வரை சிநேகிதி பேசவில்லை. பிறகு, "இப்ப எங்க இருக்கா?" என்று கேட்டாள்.

"புத்தளத்தில்தான். கொட்டில் இருந்த இடத்தில் இரண்டு அறை கட்டியிருக்கிறா. சோனகத் தெரு வளவில் மரம் முளைச்சிருக்கு."

"உறுதி?"

"பத்திரமா வச்சிருக்கிறா."

அன்று மாலை வீடு வந்ததும் ராத்தாவுக்கு அழைப்பெடுத்தேன். பேத்தியின் விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நிரந்தர முகவரி என்ற இடத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்களாம்.

"நீ சொல்லு புள்ள, எந்த ஊர் என்று எழுதுறது?" என்று கேட்டார் ராத்தா.