கால்பங்கு

சாத்தூரில் நம் பங்கு இல்லத்துப் பூனைக்கு ஓராண்டு நிறைந்துவிட்டது. இனி வளர்ந்த பூனைக்குரிய தீனியே தகும்; அதுவோ முகர்ந்துவிட்டு அகன்றது. “பட்டினி போடுங்கள், சாமி; பசித்தால் தானே தின்னும்” என்றார் சமையற்காரர்.

பூனைக்கு இது பொருந்தாது. சில நாள் உண்ணாதிருந்தால் ஈரலில் கொழுப்புச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே, குட்டித் தீனியில் புதியதைக் கால்பங்கு கலந்தோம். பின்பு அரை, முக்கால். பத்தாம் நாள் புதியதை மட்டுமே வைத்தோம், கிண்ணம் காலியாயிற்று.

புனித சின்னப்பரும் கொரிந்தியருக்கு முதலில் பாலைத்தானே ஊட்டினார்? செபமாலைக்கு அமர மறுக்கும் பிள்ளையிடம், “இன்று சோறில்லை” என மிரட்டும் பெற்றோரே, முதலில் ஒரு பத்துமணி போதும். மற்றவை மெல்ல வரும்.